பக்கத்தின் மேலே ஓர் உ

கணினி கெட்டுப்போய்விட்டதென்று யாராவது வந்து சொன்னால், ராயம்மாள் முதலில் அந்தக் கணினியைத் திறக்க மாட்டாள். பக்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத்தான் பார்ப்பாள். திரை வரவில்லையா? இதன் திரையைக் கழற்றி அதில் மாட்டுவாள், அதன் திரையை இதில் மாட்டுவாள். கோளாறு திரையோடு சேர்ந்து இடம் மாறினால் போனது திரை. இருந்த இடத்திலேயே நின்றால் பெட்டிக்குள் ஏதோ. அடுத்து மெமரி, அடுத்து வயர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு, ஓடிவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு போகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "ஓடுது, சரி. எதனால ஓடுது?" என்று கேட்டு நிறுத்திவிடுவாள்.

இந்த வழி அவளுக்கு வகுப்பில் வந்ததல்ல. பிளஸ் டூ முடித்து, தட்டச்சில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் தேறியவள், தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் நான்கு வருடம் வேலை பார்த்தாள். பழுது பார்க்க வரும் மெக்கானிக்குகளின் கைகளையே கவனித்துக்கொண்டிருந்ததில் கற்றது. மெமரித் துண்டின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதிக் கோளாறு தீரும் என்பதும், மீதிப் பாதியை மாற்றிப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பதும் அங்கே தெரிந்துகொண்டவை. பிறகு தருமபுரிக்கும் நல்லம்பள்ளிக்கும் நடுவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் தட்டச்சராகச் சேர்ந்து, ஆய்வக உதவியாளராகி, பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது வயது நாற்பத்து மூன்று. லினக்ஸ் கட்டளைகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, மனதில் நின்றதும் கிழித்துவிட்டு அடுத்ததை ஒட்டி, அப்படியே கற்றாள். ஆய்வகத்தின் அறுபது கணினிகளில் எதில் எந்த வருடம் எந்த உறுப்பை மாற்றியது என்று கேட்டால் பார்க்காமலே சொல்வாள்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அந்த அறுபதுக்கும் புதிதாக ஒரு வேலை வந்தது. பெங்களூருக்குத் தெற்கிலிருந்து சேலம் வரைக்கும் நிலத்துக்கு அடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது, எந்தப் பக்கத்துக் கிணறுகள் எந்த வருடம் வற்றும் என்று கணக்கிடும் ஆராய்ச்சி. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையமும், இரண்டு மாநிலத்திலுமாக ஏழு கல்லூரிகளும் சேர்ந்து செய்வது. இத்தனை பெரிய கணக்குக்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும். அதற்கு முன்னால் காத்திருப்பவர்களின் வரிசை நீளம். அதனால் ஏழு கல்லூரிகளின் ஆய்வகக் கணினிகளையும் இணையத்தில் ஒன்றாகக் கோத்து, மாணவர்கள் தொடாத நேரமெல்லாம் அவை இந்தக் கணக்கைப் போடும்படி செய்தார்கள். இந்தக் கோவையைக் கிரிட் என்றார்கள். நிலத்தை வரைபடத்தில் துண்டு துண்டாக வெட்டி, ஒரு கல்லூரிக்குப் பதினான்கு துண்டு என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு நாளைக் கணக்கிட்டு முடித்ததும், தன் எல்லையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பக்கத்துத் துண்டுக்குச் சொல்லும். பக்கத்துத் துண்டு அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த நாளைக் கணக்கிடும். வரப்பின் இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேர் பேசிக்கொள்வது போல என்று ராயம்மாள் அதைப் புரிந்துகொண்டாள்.

அவளுக்கு இரண்டு பொறுப்பு. கணினிகள் நிற்காமல் ஓட வேண்டும். ஊர்களிலிருந்து வரும் மழை அளவை ஏற்ற வேண்டும். பன்னிரண்டு ஊரில் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் மழைமானியும் ஒரு நோட்டும் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசியில் அவர்கள் நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். ராயம்மாள் அதைப் பார்த்துத் தட்டுவாள். அவர்கள் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூடத் தானாக மாற்றியதில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

சென்ற ஜனவரியில் பெங்களூரிலிருந்து மதியழகனின் மின்னஞ்சல் வந்தது. திட்டம் முழுவதற்கும் தலைவர் அவர். டிசம்பர் புயல் மழைக்குப் பிறகு கிணறு கிணறாகப் போய் அளந்த நீர்மட்டத்தையும், கிரிட் கணக்கிட்ட நீர்மட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறு கல்லூரிகளின் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போயிருந்தது. தருமபுரியின் கணக்கு மட்டும் தரைதட்டிக் கிடந்தது. விளிம்பு வரை நிறைந்து வழிந்த கிணறுகளை அது வற்றிவிட்டதாகச் சொன்னது. தருமபுரி மையத்தில் இருப்பவை பழைய கணினிகள், அவை கணக்கில் பிழை விடுவதாகச் சந்தேகிக்கிறோம், பிப்ரவரி பதினைந்தாம் தேதிக் கூட்டத்தில் இந்த மையத்தைத் தொடர்வதா விலக்குவதா என்று முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தார்.

துறைத் தலைவர் இளம்பரிதி அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்தார்.

"எடுத்துட்டா என்னாங்க சார் ஆவும்?" என்று கேட்டாள் ராயம்மாள்.

"லேப் பழையபடி ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும். ஆனா உங்க போஸ்ட்ட இந்த புராஜெக்ட்லதான மேடம் காட்டியிருக்கோம். நீங்க மறுபடியும் ஆபீசுக்குப் போவணும். ஜெராக்ஸ் ரூமுக்கு ஆள் இல்லன்னு மேனேஜர் சொல்லிக்கிட்டே இருக்கறாரு."

ஜெராக்ஸ் அறையில் அவள் ஏற்கெனவே ஒரு வருடம் இருந்திருக்கிறாள். அது கேவலமான வேலை என்று நினைத்ததில்லை. ஆனால் அங்கே யாரும் அவளிடம் எதையும் ஏன் என்று கேட்டதில்லை. எத்தனை காப்பி என்றுதான் கேட்டார்கள். இங்கே ஒரு கணினி தயங்கி நின்றால் அது ஏன் என்று தெரிந்துகொள்ளும்வரை அவளுக்கு ஒரு நாள் கிடைக்கிறது. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அதைவிட, 'பிழை விடுவதாக' என்ற சொல் அவளைக் குத்தியது. தன் கணினிகள் மெதுவானவை என்று சொல்லட்டும், பழையவை என்று சொல்லட்டும். பொய் சொல்பவை என்றால்?

மறுநாளிலிருந்து ஒவ்வொரு கணினியாக மெமரியைச் சோதித்தாள். ஒன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும்; ஒரே சமயத்தில் ஏழெட்டில் ஓடவிட்டு, ஒன்பது நாளில் அறுபதையும் முடித்தாள். இரண்டில் மட்டும் மெமரி தளர்ந்திருந்தது. அவற்றை மாற்றினாள். ஆனால் அந்த இரண்டுமாகச் சேர்ந்து இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டியிருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. பள்ளம் எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். பதினான்கு துண்டும் ஒன்றாக வற்றவில்லை. முதலில் வற்றியது பதினோராம் துண்டு. மூன்று வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில். பக்கத்துத் துண்டுகள் தங்கள் தண்ணீரை எல்லை வழியாக அதற்குள் ஊற்றி ஊற்றி, அவையும் காய்ந்துபோயிருந்தன. அடியில் ஓட்டை விழுந்த குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் நிரப்பிக்கொண்டிருந்த கதை.

அவள் சேலத்துக் கல்லூரியின் ஆய்வக உதவியாளர் அருண்குமாருக்குப் போன் செய்தாள். மாதத்துக்கு இரண்டு முறையாவது பேசிக்கொள்கிறவர்கள். இதுவரை நேரில் பார்த்ததில்லை.

"தம்பி, என்னோட பதினோராந் துண்ட உங்க மிஷின்ல போட்டுப் பாக்கறீங்களா? உங்க துண்டுல ஒன்ன எனக்குக் குடுங்க."

"என்னாங்கக்கா, மானிட்டர மாத்தற மாதிரி மாவட்டத்தையே மாத்தறீங்க!"

"மாத்திப் பாத்தாத்தான தெரியும்."

"எங்க மிஷின்லயும் வத்திப்போயிட்டா?"

"அப்ப உங்களயும் எடுத்துருவாங்க. ரெண்டு பேரும் ஒன்னா நின்னு ஜெராக்ஸ் போடலாம்."

அருண்குமார் சிரித்தான். ஆனால் தன் பேராசிரியரிடம் கேட்டு, அன்று மாலையே துண்டை அனுப்பிவிட்டான். இரண்டு நாள் இரண்டு பக்கமும் ஓடியது. மூன்றாம் நாள் காலையில், ராயம்மாள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் விடைகளைத் திறந்தாள். சேலத்துத் துண்டு தருமபுரிக் கணினிகளில் அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது. தருமபுரியின் பதினோராம் துண்டு சேலத்துக் கணினிகளில் அதே சித்திரையில், அதே நாளில் வற்றியிருந்தது. கடைசிப் புள்ளி எண்வரை ஒன்றே.

"அக்கா, உங்க மிஷின் மேல ஒரு குத்தமும் இல்லீங்க," என்றான் அருண்குமார். "துண்டுதான் வெவகாரம்."

அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது. டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்த எண்ணம் வந்து நின்றது. கோளாறு துண்டோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது; அப்படியானால் துண்டுக்குள் என்ன இருக்கிறது? வரைபடம் பெங்களூர் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே வரைபடம். மண்ணின் தன்மையும் ஒரே கோப்பிலிருந்து வருவது. அந்தந்தக் கல்லூரி தானாக ஏற்றுவது மழை மட்டும்தான். பதினோராம் துண்டுக்கு மழை கொடுப்பது ஒரே ஒரு மழைமானி. நல்லம்பள்ளிக்கு மேற்கே ஏரிக்கோடிக் கொட்டாய் என்ற சிற்றூரில், முனியம்மாள் என்பவரிடம்.

அந்த ஊரின் மழையைத் திரையில் கொண்டுவந்தாள். பதினான்கு, எட்டு, இருபத்திரண்டு, முப்பத்தொன்றரை. சித்திரை வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு ஒன்று. அரை. இரண்டு. ஒன்று. ஒன்றரை. மூன்று வருடமாக அப்படியே. டிசம்பர் இரண்டாம் தேதிக்கு ஆறு.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கல்லூரிக் கணினிகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடுமோ என்று பயந்து, பஸ் நின்றுபோன இடத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்து சேர்ந்தாள். ஆறு மில்லிமீட்டர் மழையில் குடையின் கம்பிகூட நனையாது. அந்த ஆறை ஏற்றியவள் அவளேதான். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'ஏற்றியவர்: ராயம்மாள்' என்று கணினி தானாகக் குறித்து வைத்திருந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்த அதே மாதக் கடைசியில் உட்கார்ந்து அந்த எண்ணைத் தட்டியிருக்கிறாள். விரல்கள் தட்டின, எண்ணம் வேறெங்கோ இருந்தது. எண்ணைப் பார்த்தாள், மழையைப் பார்க்கவில்லை.

வேறு யாரும் ஏன் பார்க்கவில்லை என்றும் யோசித்தாள். மூன்று வருடமாக ஒரு துண்டு வற்றிக்கொண்டே போயிருக்கிறது. பெங்களூரில் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அது தருமபுரி. தருமபுரி என்றால் வறட்சி என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்த விடை வரும்போது யார் சரிபார்ப்பார்கள்? இந்த மண்ணில் பிறந்த அவளுக்கே சந்தேகம் வரவில்லையே.

இளம்பரிதியிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"மேடம், சேலத்துல போட்ட ரிசல்ட் ஒன்னு போதும். மிஷின் சரின்னு ஆயிருச்சு. கூட்டத்துல அத மட்டும் காட்டுவோம்."

"மழ தப்பா இருக்குதுங்களே சார்."

"அது எழுதிக் குடுத்தவங்க தப்பு. ஊர்ல இருக்கற அம்மா என்னத்தையோ எழுதி அனுப்பிட்டாங்க, நாம என்ன பண்ணுவோம்? அப்படியே சொல்லலாம். நீங்கதான் ஏத்தினீங்கன்னு நீங்களா போய் ஏன் சொல்லணும்? மையத்துக்குப் பதிலா உங்கள மாத்தச் சொல்லுவாங்க."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். ராயம்மாளும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தாள். எழுதிக் கொடுத்தவர் தப்பாக எழுதியிருந்தால் அது அவர் தப்புதானே? ஆனால் தப்பாக எழுதினார் என்பது இன்னும் யாரும் சோதித்துப் பார்க்காத விஷயம். சோதிக்காததைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. சனிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நல்லம்பள்ளியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏரிக்கோடிக் கொட்டாய்க்குப் போனாள்.

முனியம்மாள் வீட்டை ஒட்டிய நிலத்தில் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாதாமாதம் போனில் படம் அனுப்பிக்கொண்டிருந்ததால் பெயர் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அடடே, காலேஜ் மேடமா! மாசாமாசம் போட்டோ வந்துச்சுன்னு கட்டவெரலக் காட்டுவீங்களே, அவங்கதான? வாங்க, வாங்க. கொழா கொண்டாந்தீங்களா?"

"எந்தக் கொழாய்ங்கக்கா?"

"மழ புடிக்கிற கொழாதான். ஆலங்கட்டி மழ பேஞ்சுதுல்ல, அன்னிக்கே ரெண்டாப் பொளந்துக்கிச்சு. காலேஜ் ஆபீசுக்குப் போன் போட்டு சொன்னேனுங்க. வேற தர்றோம்னாங்க. மூணு வருசமாத் தந்துக்கிட்டே இருக்கறாங்க."

"அப்ப எப்பிடி எழுதுனீங்க?"

"மண்ணத் தோண்டித்தான். மழ விட்டதும் காலையில மேட்டுல ஒரு எடம், நடுவுல ஒரு எடம், பள்ளத்துல ஒரு எடம் களக்கொத்துல தோண்டுவேன். ஈரம் எவ்வளவு எறங்கியிருக்குதுன்னு பாத்து, மூணுக்கும் பொதுவா ஒன்ன எழுதுவேன். கலப்ப எறங்கற அளவு ஈரம் எறங்குனா ஒரு ஒழவு. அதுல பாதின்னா அரை ஒழவு. பொயலுக்கு ஆறு ஒழவு எழுதுனேன். அதுக்கு மேல என்னால தோண்ட முடியல, இடுப்பு புடிச்சுக்கிச்சு."

உழவு மழை. ராயம்மாள் பிறந்த வீட்டில் மழை பெய்த மறுநாள் காலையில் எல்லோர் வாயிலும் அந்தச் சொல்தான் இருக்கும். ஒரு உழவு பேஞ்சிருக்கு, ரெண்டு உழவு பேஞ்சிருக்கு. அதைக் கேட்டே வளர்ந்தவள்தான்.

"ஆனா நோட்டுல மில்லிமீட்டர்னுதான அச்சு அடிச்சிருக்குது? நீங்க உழவுன்னு எழுதலியேக்கா."

முனியம்மாள் கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்தார். "எழுதலன்னு யாரு சொன்னா?" வீட்டுக்குள் போய் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும், எண்களுக்கு நேர் மேலாக, சற்றுப் பெரிதாக ஓர் உ.

ராயம்மாள் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் பார்த்த எழுத்துதான்.

"அக்கா, நான் இத புள்ளையார் சுழின்னு நெனச்சுட்டேன்."

"என்னாது?"

"எல்லாரும் பக்கத்துக்கு மேல போடுவாங்கல்ல. அதுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

முனியம்மாளுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "மழ நோட்டுக்கு நான் எதுக்குங்க புள்ளையார் சுழி போடறேன்? நான் என்ன மளிகக் கடையா வெச்சிருக்கறேன்? உ-ன்னா உழவு. பேசறதுதான் ஒழவு, எழுதறது உழவு. நானும் அஞ்சாவது படிச்சவதான்." ராயம்மாளின் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "வேதக்காரங்களுக்கு எங்க சாமியெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சிருக்குது!"

ராயம்மாளும் சிரித்தாள். ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் அளவை எழுதியிருக்கிறார், அலகையும் எழுதியிருக்கிறார். மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் மேல் எதைச் சொல்ல முடியும்? இந்த உ-வை அவளைத் தவிர வேறு யார் பார்த்திருந்தாலும் ஒருவேளை இதேபோலத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் பார்த்தது அவள்தான். ஒரு புள்ளியைக்கூட மாற்றாதவள், ஓர் எழுத்தை முழுசாக விட்டிருக்கிறாள். அது எண் இல்லை என்பதால் விட்டிருக்கிறாள்.

பதினைந்தாம் தேதிக் கூட்டம் காணொளியில் நடந்தது. இளம்பரிதியின் அறையில், அவருக்குப் பக்கத்தில் ராயம்மாளும் உட்கார்ந்தாள். பேராசிரியர்கள் மட்டுமே பேசும் கூட்டம் அது. இளம்பரிதி சேலத்து விடையைக் காட்டி, தருமபுரிக் கணினிகளில் பிழை இல்லை என்று நிறுவினார். மதியழகன் அதை ஏற்றுக்கொண்டார்.

"அப்படீன்னா பிழை எங்கே?" என்று கேட்டார்.

இளம்பரிதி தொண்டையைச் செருமிக்கொண்டார். ராயம்மாளைப் பார்த்தார். பிறகு மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார். அதற்கு அவள் பிற்பாடு அவரிடம் நன்றி சொன்னாள்.

"பிழை எங்கிட்டதாங்க சார்," என்றாள். மழைமானி உடைந்ததிலிருந்து உ என்ற எழுத்துவரைக்கும், சுருக்காமல் வரிசையாகச் சொன்னாள். தமிழ் தெரியாதவர்களுக்காக மதியழகன் இடையிடையே ஆங்கிலத்தில் சொன்னார். பிள்ளையார் சுழி என்ற இடம் வந்தபோது அதை எப்படிச் சொல்வதென்று அவருக்கே தெரியாமல் தடுமாறினார். திரையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. "மூன்று வருடமாக நாங்கள் போட்ட எல்லைக் கணக்கெல்லாம் இதன்மேல் நிற்கிறது. எங்கள் கணினிகளின் ஐம்பது நாள் வேலை வீண்," என்றார் அவர். அது உண்மை.

"சரி, ஒரு உழவுன்னா எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டார் மதியழகன். "பெருக்கிச் சரி பண்ணிடலாமா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க சார். செம்மண்ணுக்கு வேற, கரிசலுக்கு வேற. காஞ்சு கெடந்த மண்ணுன்னா ஒரு மாதிரி, ஏற்கெனவே ஈரமிருந்தா வேற மாதிரி. அவங்க மழைய அளக்கலீங்க. ஈரம் எவ்வளவு ஆழம் எறங்குச்சுன்னு அளந்திருக்கறாங்க. மூணு எடத்துல தோண்டி."

மதியழகன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். மழை அளவிலிருந்து ஆரம்பித்து, நூறு படி கணக்குப் போட்டு, ஈரம் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று ஊகிப்பதுதான் அவர்கள் கணக்கின் முதல் பாதி. அந்த ஊகத்தைச் சரிபார்க்க அவர்களிடம் ஓர் அளவும் இருந்ததில்லை. இதை அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றும் ஆகிவிடவில்லை. ஓடை வழியாக ஓடிப்போன தண்ணீருக்கு உழவில் கணக்குக் கிடையாது. புயல் நாளின் ஆறு எந்தக் கணக்கிலும் சேராது, அது முனியம்மாளின் இடுப்பு தாங்கிய ஆழம்தான். சில வரிகளை வைத்துக்கொள்ளலாம், சிலவற்றை விட வேண்டும், மூன்று வருடக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும் என்று முடிவாயிற்று.

தருமபுரி மையம் தொடரும். மையம் இருக்கும்வரை ராயம்மாளும் அங்கேயே இருப்பாள். ஆனால் இனி மழையை அவள் தனியாக ஏற்றக் கூடாது. துறையில் இருக்கும் கலைமதி என்ற உதவிப் பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும். நடந்த தவறை விளக்கி எல்லா மையங்களுக்கும் ஒரு திருத்தக் குறிப்பும் அனுப்ப வேண்டும். இரண்டாவது ஆள் வேண்டும் என்பது அவளுக்குச் சற்று வலித்தது. ஆனால் அதில் நியாயம் இருப்பதாகவும் பட்டது. தன் கண்ணுக்கு எது தெரியவில்லை என்று தன் கண்ணால் பார்க்க முடியாதே.

குறிப்பை இளம்பரிதியே எழுதித் தந்தார். 'தரவு பதிவின்போது அலகு குறித்து ஒரு குழப்பம் ஏற்பட்டது' என்று தொடங்கியிருந்தது. ராயம்மாள் அதை இரண்டு முறை படித்தாள்.

"சார், கொழப்பம் அதுவா வரலீங்களே."

"இப்படி எழுதறதுதான் மேடம் வழக்கம்."

"இதப் படிச்சா வேற யாருக்காவது தங்களோட நோட்ட எடுத்துப் பாக்கணும்னு தோணுங்களா?"

அவர் தாளை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். முதல் வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'ஏரிக்கோடிக் கொட்டாயின் மழை நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் அலகு எழுதியிருந்தது. அதை நான் வேறு ஒன்று என்று நினைத்து ஏற்றாமல் விட்டுவிட்டேன்.' அடுத்து, முனியம்மாள் எப்படி அளந்தார், எங்கெங்கே தோண்டினார் என்பதை எழுதி, அளந்தவர் என்று அவர் பெயரையும், ஏற்றியவர் என்று தன் பெயரையும் போட்டாள். கலைமதி ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார். பிள்ளையார் சுழிக்கு மட்டும் அரைப் பக்கம் விளக்கம் தேவைப்பட்டது. அந்த எழுத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள்.

நான்கு நாள் எந்தப் பதிலும் இல்லை. புதிய மழைமானி ஒன்றை வாங்கி, ஆலங்கட்டி தாங்கும் கம்பிவலையோடு முனியம்மாளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். இனிமேல் இரண்டையும் எழுதச் சொன்னாள், குழாயில் விழுந்ததையும் மண்ணில் இறங்கியதையும். "ரெட்ட வேலையா?" என்று முனியம்மாள் அலுத்துக்கொண்டார், ஆனால் நோட்டில் அப்போதே இரண்டு கோடு கிழித்துவிட்டார்.

ஐந்தாம் நாள் கர்நாடகப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எளிய ஆங்கிலத்தில் நான்கே வரி. 'உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு எங்கள் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் நாற்பதாம் பக்கத்திலிருந்து அங்குலத்தில் எழுதியிருக்கிறார்கள். சுற்றிலும் வேறு மூன்று மழைமானி இருந்ததால் கணக்கில் பெரிதாகத் தெரியவில்லை. ஏற்றியது நான்தான்.' கீழே பேராசிரியர் யாருடைய பெயரும் இல்லை. ஆய்வக உதவியாளர் என்று போட்டு, அவள் கேள்விப்பட்டிராத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. இன்னும் பதினோரு நோட்டு பார்க்க வேண்டியிருக்கிறது, தனியாகப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றும் சேர்த்திருந்தாள்.

ராயம்மாள் கலைமதியைக் கூப்பிட்டு மொழியைச் சரிபார்க்கச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே தட்டினாள்: 'படங்களை அனுப்புங்கள். பாதியை நான் பார்க்கிறேன். பக்கத்தின் மேலே, ஓரத்தில், பின்னால் என்ன இருந்தாலும் வெட்டாமல் அனுப்புங்கள். எனக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாது. தெரியாததை எல்லாம் உங்களிடம் கேட்பேன்.'